டஸ்கீகியின் மேயர்: நாற்காலி நம்முடையது, நிலம் யாருடையது?

"ஆளுங்கட்சியோடு இருந்தால்தான் நம்ம ஜனத்துக்கு நாலு காரியம் நடக்கும்." உள்ளாட்சித் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் தெருக்களில் இந்தப் பேச்சு கிளம்பிவிடுகிறது. பேசுகிறவர்கள் துரோகிகள் அல்லர். பெரும்பாலும் நம் அண்ணன்மார்கள், மாமன்மார்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்கள். களத்தில் வேலை செய்யும் நாங்கள் அவர்களோடுதான் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிறோம். அதனால் இந்த வாதத்தைக் கிண்டல் செய்துவிட்டுப் போய்விட முடியாது. முழு பலத்தோடு அதை எடுத்துக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரு மனிதரின் அரசியல் வாழ்க்கையைப் பார்ப்போம். அவர் பெயர் ஜானி ஃபோர்ட். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற சின்ன நகரத்தின் முதல் கறுப்பின மேயர். 1942இல் பிறந்தவர். 1972இல் மேயரானார். தொடர்ந்து ஆறு முறை வென்று 1996 வரை, 24 ஆண்டுகள், அந்த நாற்காலியில் இருந்தார். 1998இல் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவைக்குப் போனார். 2004இல் திரும்பி வந்து மறுபடி மேயர், 2012இல் இன்னொரு முறை மேயர், கடைசியில் நகர்மன்ற உறுப்பினர். 2024இல் மறைந்தார். ஆளுகிறவரோடு நின்று ஊருக்கு வாங்கித் தருவது என்ற வழியை இவரைப் போல அரை நூற்றாண்டு விடாமல் நடந்து பார்த்தவர்கள் குறைவு. அந்த வழி எங்கே போய் முட்டுகிறது என்பதை அவர் வாழ்க்கையிலேயே பார்க்கலாம்.

அலபாமா நமக்கு அந்நியமான இடமும் அல்ல. நம் சிறுத்தை பிறந்த மாநிலம் அது. 1965-66இல் அங்கே லௌண்ட்ஸ் மாவட்டத்துக் கறுப்பின விவசாயிகள் தமக்கென ஒரு கட்சி தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர்களுக்காக வாக்குச்சீட்டில் சின்னம் வேண்டும். வெள்ளையர் கட்சியின் சின்னம் சேவல். இவர்கள் வைத்த சின்னம் கருஞ்சிறுத்தை. அந்தச் சிறுத்தை 1966இல் கலிஃபோர்னியாவுக்குப் போனது. 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகளாக எழுந்தது. அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. பம்பாயில் நம் இளைஞர்கள் சிறுத்தையின் பெயரைச் சூட்டிக்கொண்ட அதே 1972இல்தான் அலபாமாவில் ஜானி ஃபோர்ட் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த நாற்காலிக்குப் பின்னால் இருந்த உழைப்பு யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும்.

டஸ்கீகியிலும் அதைச் சுற்றிய மேக்கன் மாவட்டத்திலும் கறுப்பின மக்களே பெரும்பான்மை. அங்கே புகழ்பெற்ற கறுப்பினக் கல்வி நிலையம் இருந்தது. படித்தவர்கள் இருந்தார்கள். வாக்குப் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனால் மட்டும் அதிகாரி இருக்க மாட்டார். அதையும் மீறிச் சுமார் 400 பேர் வாக்காளர் ஆனதும், 1957இல் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. சதுரமாக இருந்த நகர எல்லையை 28 பக்கங்கள் கொண்ட ஒரு கோணல் வடிவமாக வெட்டினார்கள். நாலைந்து பேரைத் தவிரக் கறுப்பின வாக்காளர் எல்லாரும் ஒரே இரவில் நகரத்துக்கு வெளியே போய்விட்டார்கள். ஒரு வெள்ளை வாக்காளர்கூட வெளியே போகவில்லை. வார்டு வரையறை என்ற பெயரில் சேரியை மூன்றாகப் பிளந்து மூன்று வார்டுகளில் சிறுபான்மையாக்கும் வித்தையைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புரியும்.

இதற்குப் பதில் சொன்னது ஒரு தனி மனிதர் அல்ல. சார்லஸ் கொமிலியன் என்ற சமூகவியல் பேராசிரியர் தலைமையில் இயங்கிய குடிமக்கள் சங்கம். சமூகவியல் படிக்கும் தோழர்கள் இந்தப் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நம் பாடத்திட்டத்தில் வராது. மக்கள் வெள்ளையர் கடைகளில் பொருள் வாங்குவதை நிறுத்தினார்கள். பல கடைகள் மூடப்பட்டன. ஃபிரெட் கிரே என்ற இளம் கறுப்பின வழக்கறிஞர் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு போனார். 1960இல் அந்த 28 பக்க எல்லை செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

1963இல் நகரத்து உயர்நிலைப் பள்ளியில் 13 கறுப்பின மாணவர்கள் சேர நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் மாநிலப் போலீஸை அனுப்பிப் பள்ளியைச் சுற்றி வளைத்தார். பள்ளி திறந்ததும் வெள்ளைப் பிள்ளைகள் வெளியேறித் தனியார் பள்ளிக்குப் போய்விட்டார்கள். 1966 ஜனவரி 3ஆம் தேதி சாம்மி யங் என்ற 21 வயது மாணவர், கடற்படையில் வேலை பார்த்து வந்தவர், வெள்ளையருக்கான கழிப்பறையைப் பயன்படுத்த முயன்றதற்காக ஒரு பெட்ரோல் நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரை முழுக்க வெள்ளையர் மட்டுமே கொண்ட நடுவர் குழு விடுதலை செய்தது. அன்று மாணவர்கள் நகரச் சதுக்கத்துக்குப் போனார்கள். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படைவீரன் ஒருவனின் சிலை அங்கே நடுநாயகமாக நிற்கிறது. அதன் மேல் கறுப்புச் சாயம் பூசினார்கள். அந்தச் சிலையை நினைவில் வையுங்கள்.

அதே 1966 தேர்தலில் லூசியஸ் அமெர்சன் என்ற கறுப்பினத்தவர் மாவட்ட ஷெரிஃப் ஆனார். 1970இல் ஃபிரெட் கிரேயும் தாமஸ் ரீடும் சட்டமன்றம் போனார்கள். இப்படி மக்கள் பட்டினி கிடந்து, வழக்காடி, பிணம் சுமந்து வளர்த்த மரத்தின் கனிதான் 1972இல் கிடைத்த மேயர் நாற்காலி.

ஃபோர்ட் அந்த நாற்காலியை வைத்து என்ன செய்தார்?

முதல் காரியம், தாம் ஜனநாயகக் கட்சிக்காரராக இருந்துகொண்டே அதே 1972இல் குடியரசுக் கட்சியின் நிக்சனை ஆதரித்தார். தென்மாநில வெள்ளையரின் கோபத்தை வாக்காக மாற்றும் உத்தியோடு ஆட்சிக்கு வந்தவர் நிக்சன். ஃபோர்ட் சொன்ன கணக்கு எளிது: வெள்ளை மாளிகையில் இருப்பவர் கையில்தான் பணம் இருக்கிறது. கணக்கு பலித்தது. மில்லியன் கணக்கான டாலர் மானியம் டஸ்கீகிக்கு வந்தது. இதை நாம் மறைக்கத் தேவையில்லை. வெள்ளையர் வெளியேறிக்கொண்டிருந்த, வரி வருமானம் சுருங்கிக்கொண்டிருந்த ஊர் அது. அந்தப் பணம் வேண்டாம் என்று அங்கே இருந்த ஏழைத் தாயிடம் போய்ச் சொல்ல நமக்கு வாய் வராது.

அடுத்தது 1973. கறுப்பின மேயர்களின் மாநாடு டஸ்கீகியில் நடந்தது. அதில் பேச வந்தவர் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ். பத்து வருடத்துக்கு முன் அதே ஊர்ப் பள்ளியைப் போலீஸால் வளைத்த அதே வாலஸ். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. 1974இல் வாலஸ் மறுபடி ஆளுநர் தேர்தலில் நின்றபோது ஃபோர்ட் அவரை ஆதரித்தார். வாலஸ் பிற்காலத்தில் மன்னிப்புக் கேட்டார் என்பது உண்மை. ஆனால் கைதட்டல் மன்னிப்புக்கு முன்பே கிடைத்துவிட்டது.

மூன்றாவது 2003. 2002இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக மக்களிடம் வாக்கு வாங்கிச் சட்டமன்றம் போன ஃபோர்ட், ஆளுநர் பதவி குடியரசுக் கட்சியின் கைக்கு வந்த அந்த ஆண்டில் அந்தக் கட்சிக்குத் தாவினார். 19ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அலபாமா சட்டமன்றத்தில் உட்கார்ந்த முதல் கறுப்பினக் குடியரசுக் கட்சி உறுப்பினர் என்ற பட்டம் கிடைத்தது. வாக்குப் போட்ட மக்களுக்கு என்ன கிடைத்தது? அடுத்த தேர்தல் வரை காத்திருக்கும் உரிமை கிடைத்தது.

தோழர்களே, இதில் ஃபோர்ட் நல்லவரா கெட்டவரா என்பது நம் கேள்வி அல்ல. தனிமனிதரைத் திட்டித் தீர்ப்பது நமக்கு மிகவும் பிடித்த வேலை. அதனால்தான் ஒவ்வொரு தேர்தலிலும் பழைய ஆளைத் திட்டிவிட்டுப் புதிய ஆளிடம் அதே பேரத்தைக் கொடுத்துவிடுகிறோம். நாம் கேட்க வேண்டியது, இந்த மூன்று பேரத்திலும் விலையாகக் கொடுக்கப்பட்டது என்ன, அது யாருடைய சொத்து என்பதுதான்.

விலையாகக் கொடுக்கப்பட்டது ஒரு சமூகத்தின் சம்மதம். "கறுப்பின மேயரே என் பக்கம்" என்று நிக்சன் சொல்லிக்கொள்ளலாம், வாலஸ் சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சொல்லுக்கு மதிப்பு வந்தது எதனால்? கொமிலியனின் சங்கம் கடைகளைப் புறக்கணித்ததால். சாம்மி யங் செத்ததால். ஊரே சேர்ந்து சேமித்த பணத்தை ஒருவர் தம் கையெழுத்தில் எடுத்துச் செலவு செய்ததைப் போன்றது இது. செலவு ஊருக்காகவே என்றாலும் கணக்குக் கேட்க ஊருக்கு வழியில்லை.

"அப்படியானால் பேரமே கூடாதா?" என்று கேட்பீர்கள். கூடும். டஸ்கீகியே அதற்குச் சாட்சி. 1880இல் லூயிஸ் ஆடம்ஸ் என்ற தகர வேலைக்காரர், அடிமையாகப் பிறந்தவர், சட்டமன்றத்துக்குப் போட்டியிட்ட வெள்ளை வேட்பாளரிடம் கறுப்பின வாக்குகளுக்கு ஈடாக ஒரே ஒரு பொருளைக் கேட்டார். ஒரு பள்ளிக்கூடம். ஆசிரியர் சம்பளத்துக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கப்பட்டது. 1881இல் புக்கர் டி. வாஷிங்டன் வந்து அதை நடத்தினார். அந்தப் பள்ளிதான் பின்னால் கொமிலியனுக்கு வேலை கொடுத்தது. சாம்மி யங் படித்ததும் அங்கேதான். 1901இல் புதிய அரசியல் சட்டம் எழுதிக் கறுப்பினத்தவரின் வாக்கையே அலபாமா பறித்துக்கொண்டது. வாக்குப் போனது. ஆனால் அந்த வாக்கைக் கொடுத்து வாங்கிய பள்ளிக்கூடம் நின்றது. அந்தப் பள்ளியிலிருந்துதான் அறுபது வருடம் கழித்து வாக்கைத் திரும்பப் பிடுங்கும் படை கிளம்பியது.

1880 பேரத்துக்கும் 1972 பேரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஆடம்ஸ் வாங்கியது, ஆட்சி மாறினாலும் மக்கள் கையில் தங்கிவிடும் ஒன்று. ஃபோர்ட் வாங்கியது, ஆட்சி மாறினால் மறுபடி போய்க் கைநீட்ட வேண்டிய ஒன்று. மானியம் இந்த ஆண்டு வரும், அடுத்த ஆண்டு வராது. அதனால்தான் 1972இல் நிக்சன், 1974இல் வாலஸ், 2003இல் மறுபடி ஒரு தாவல் என்று அவர் நடந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. நம் ஊர் மொழியில் சொன்னால், ஒருவர் பட்டா வாங்கினார், இன்னொருவர் இலவசப் பொருள் வாங்கினார்.

இப்போது அந்தச் சிலைக்கு வருவோம்.

பெரும்பான்மை கறுப்பின மக்கள் வாழும் ஊர். மேயர் கறுப்பினத்தவர், ஷெரிஃப் கறுப்பினத்தவர், சட்டமன்ற உறுப்பினர் கறுப்பினத்தவர். அந்த ஊரின் நட்டநடுவில் அடிமை முறைக்காகப் போரிட்டவனின் சிலை பத்துப் பத்து ஆண்டாக நிற்கிறது. ஏன் எடுக்க முடியவில்லை? 1906இல் மாவட்ட நிர்வாகம் அந்தச் சதுக்க நிலத்தை, அந்தப் படைவீரர்களின் வழிவந்த வெள்ளைப் பெண்களின் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. வெள்ளையருக்கான பூங்கா அமைக்க என்று அதில் காரணமும் சொல்லியிருக்கிறார்கள். பத்திரம் அவர்கள் பெயரில். ஊர் நம்முடையது, ஊரின் நடு நிலம் அவர்களுடையது. போதாததற்கு 2017இல் மாநிலச் சட்டமன்றம் பழைய நினைவுச்சின்னங்களை அகற்றத் தடை போட்டு, மீறினால் 25,000 டாலர் அபராதம் என்று சட்டம் கொண்டுவந்தது.

2021 ஜூலையில் 78 வயது ஜானி ஃபோர்ட், நகர்மன்ற உறுப்பினராக இருந்தபோது, ஒரு தூக்கு இயந்திரத்தைக் கொண்டுவந்து மின் ரம்பத்தால் அந்தச் சிலையின் காலை அறுக்கத் தொடங்கினார். ஷெரிஃப் வந்து நிறுத்தினார். அமெர்சன் முதன்முதலாக வென்று கொடுத்த அதே ஷெரிஃப் பதவி. காலில் ஒரு வெட்டு விழுந்ததோடு வேலை நின்றது.

இதைப் படித்து நாம் சிரிக்கவில்லை. அந்த ரம்பத்துக்கு வணக்கம் சொல்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். மூன்று காலகட்டங்களில் மேயர். சட்டமன்ற உறுப்பினர். ஜனாதிபதியோடும் ஆளுநரோடும் கைகுலுக்கியவர். அத்தனை பதவியும் அத்தனை கைகுலுக்கலும் சேர்ந்து ஒரு நிலப் பத்திரத்தை அசைக்க முடியவில்லை. கடைசியில் 1966இல் மாணவர்கள் சாய வாளியோடு போய் நின்ற இடத்துக்கே அவரும் ரம்பத்தோடு போய் நிற்க வேண்டியதாயிற்று. இடையில் போனது 55 ஆண்டுகள்.

தனித்தொகுதியில் நம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது நம் வாக்கு அல்ல, பிறர் வாக்கு என்று பாபாசாகேப் அம்பேத்கர் பூனா ஒப்பந்தத்தின் குறையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் குறை இன்றும் நம் கழுத்தில் கிடக்கிறது. ஆனால் டஸ்கீகியில் அந்தக் குறைகூட இல்லை. தம் மக்களின் வாக்காலேயே வென்றவர் ஃபோர்ட். அப்படியிருந்தும் நிலமும் தொழிலும் பிறர் கையில் இருந்ததால், வென்ற நாள் முதல் பிறர் வாசலில் நின்றார். வாக்கு நம்முடையதாக இருப்பது முதல் படி. அந்தப் படியிலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை டஸ்கீகி காட்டுகிறது.

சிலர் கோபப்படுவார்கள். "இங்கே நாற்காலியே கிடைக்கவில்லை. மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவரான முருகேசனை 1997இல் வெட்டிக் கொன்றார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரான நம் சகோதரியைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். கிடைக்காத நாற்காலியைப் பற்றி விமர்சனம் எதற்கு?" கோபம் நியாயமானது. நாற்காலிக்கான போரில் ஒரு அடியும் பின்வாங்கக் கூடாது. ஆனால் அந்தப் போரே நமக்கு ஒன்றைச் சொல்கிறது. நாம் ரப்பர் ஸ்டாம்பாக உட்கார்ந்தால் அவர்களுக்குப் பெரிய வருத்தமில்லை. மேலவளவில் ஏலம், மீன் குத்தகை, கண்மாய், பொதுச் சொத்து எல்லாம் தலைவரின் கையெழுத்துக்குள் வருகிறது என்ற பயமும் கலந்திருந்தது. எதிரிக்குத் தெரிகிறது நாற்காலிக்குக் கீழே இருக்கும் நிலம்தான் முக்கியம் என்று. நமக்குத் தெரிய வேண்டாமா?

சிறுத்தைச் சின்னம் வைத்த லௌண்ட்ஸ் விவசாயிகள் நமக்கு இன்னொரு பாடம் வைத்திருக்கிறார்கள். 1966 மே மாதம் அவர்கள் தேவாலயத்தில் கூடி, தம் வேட்பாளர்களைத் தாமே வாக்கெடுத்துத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் தோற்றார்கள். 1970 வாக்கில் அவர்கள் கட்சி வேறொரு கட்சியோடு கரைந்தும் போனது. ஆகவே "தனிக்கட்சி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நாம் கதை விடவில்லை. கட்சி கரையும், சின்னம் கைமாறும். ஆனால் வேட்பாளரை யார் தேர்ந்தெடுப்பது, அவர் யாரிடம் கணக்குச் சொல்வது என்பதை மக்கள் கூட்டம் தீர்மானிக்கும் பழக்கம் இருக்கிறதே, அது இல்லாத எந்தக் கட்சியிலும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஜானி ஃபோர்ட் உருவாகிக்கொண்டே இருப்பார்.

ஆகவே அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் உங்கள் தெருவுக்கு ஒரு கட்சி வரும். உங்களில் துடிப்பான ஒருவரைப் பார்த்து "தம்பி, நீங்கதான் வேட்பாளர்" என்று சொல்லும். போங்கள், நில்லுங்கள், வெல்லுங்கள். ஆனால் போவதற்கு முன் தெருவைக் கூட்டுங்கள். பெண்கள் இல்லாமல் கூட்டாதீர்கள். எந்த மூன்று காரியத்துக்காக இந்த வாக்கைக் கொடுக்கிறோம் என்று அங்கேயே எழுதுங்கள். அந்த மூன்றில் ஒன்றாவது ஆட்சி மாறினாலும் நம் கையில் தங்குவதாக இருக்கட்டும்: பஞ்சமி நிலம், பட்டா, கண்மாய்க் குத்தகையில் பங்கு, பிள்ளைகளுக்குப் படிப்பகம். வென்றவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே தெருவில் வந்து நின்று கணக்குச் சொல்லட்டும். கட்சி மாற வேண்டுமானால் முதலில் தெருவைக் கேட்கட்டும். கேட்காமல் போனால், அவருடைய அடுத்த கூட்டத்துக்கு நம் நாற்காலிகள் காலியாக இருக்கட்டும்.

உங்கள் ஊரின் நடுவில் நிற்கும் சிலை எது, அது யார் பெயரில் உள்ள நிலத்தில் நிற்கிறது என்பதை இந்த வாரமே கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கேளுங்கள். அடங்கலைப் பாருங்கள். வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஜெய் பீம்.